அரிப்புக்கு ஏன் அந்த மாத்திரை?

நோய்களுள் அரிப்பைப் போல எளிதாகக் கருதப்படும் நோய் வேறொன்று இல்லை. காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுக்கிறோம். நெஞ்சுவலி என்றால் வீடே பதறுகிறது. ‘உடம்பெல்லாம் அரிக்கிறது’ என்று ஒருவர் சொன்னாலோ, ‘கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்’ என்பதோடு நம்முடைய பரிவு முடிந்துவிடுகிறது. அவர் நாலு பேர் முன்னிலையில் சொறிந்துவிட்டால் முகம் சுளிக்கவும் செய்கிறோம். ஆனால் ஆண்டுக்கணக்கில் அரிப்போடு வாழ்கின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். வலியையாவது பொறுத்துக் கொள்ளலாம், இதனைப் பொறுக்க முடியவில்லை என்பார்கள். இரவெல்லாம் உறங்காமல், நகம் பட்ட இடமெல்லாம் புண்ணாகி, விடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் வேலையைப் பார்க்கும் தாய்மார்கள் நம் வீடுகளில் பலர் இருக்கிறார்கள்.

சாமுவேல் ஹாஃபென்ரெஃபர் என்னும் ஜெர்மானிய மருத்துவர், ‘சொறிய வேண்டும் என்ற வேட்கையை எழுப்பும் துன்ப உணர்ச்சி’ என்ற கருத்தில் 1660ஆம் ஆண்டில் அரிப்புக்கு இலக்கணம் வகுத்தார். இன்றளவும் மருத்துவர்கள் அந்த இலக்கணத்தையே கையாளுகின்றனர். 6 வாரங்களுக்கு மேல் நீடிப்பதை நாட்பட்ட அரிப்பு என்கின்றனர்.

மார்க்க நூல்களைப் பயின்றவர்கள் ஒன்றை அறிவார்கள். ஆண்களுக்குப் பட்டாடை விலக்கப்பட்டது. எனினும் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), ஸுபைர் பின் அவ்வாம் (ரலி) ஆகிய இருவருக்கும் மேனியில் அரிப்பு இருந்த காரணத்தால், பட்டு அணிந்துகொள்ள நபி (ஸல்) அவர்கள் சலுகை அளித்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இச்செய்தி பதிவாகியிருக்கிறது. விலக்கப்பட்ட ஒன்றில் சலுகை பெறும் அளவுக்கு அரிப்பு ஒரு துன்பமாக மதிக்கப்பட்டிருக்கிறது என்பதை இதனால் உணரலாம். அரிப்பால் வருந்துகின்றவரை, ‘இதற்குப் போய் இவ்வளவா?’ என்று கேட்க நமக்கு உரிமை இல்லை.

இவ்வளவும் எழுத நேர்ந்தது, சகோதரி ஒருவரின் கடிதத்தால். இரண்டு ஆண்டுகளாகக் கை கால்களில் தாங்க முடியாத அரிப்பு. சொறிந்து சொறிந்து முடிச்சு முடிச்சாகத் தடித்துப்போன தோல். களிம்புகள், ஒவ்வாமை மாத்திரைகள், கைவைத்தியம், பத்தியம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. இறுதியில் தோல் மருத்துவர் ஒருவர் இரத்தப் பரிசோதனைகள் செய்து பார்த்துவிட்டு, இரவில் மட்டும் உண்ணுமாறு 10 மி.கி. அளவில் டாக்ஸிபின் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்திருக்கிறார். சில நாள்களில் அரிப்புத் தணிந்தது, உறக்கமும் வந்தது. அடுத்த முறை மாத்திரை வாங்கச் சென்றபோது கடையில் இருந்தவர், ‘ஏம்மா, இது மனநோய்க்காரர்களுக்குக் கொடுப்பதாயிற்றே, உங்களுக்கா?’ என்று கேட்டுவிட்டார். உடன் சென்ற மாமியார் அன்றோடு மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார். ‘நாளைக்கு நம் பிள்ளையைப் பெண் பார்க்க வருகிறவர்கள் காதில் விழுந்தால் என்ன ஆகும்?’ என்பது அவருடைய அச்சம். அரிப்புத் திரும்பிவிட்டது. ‘நான் மனநோயாளியா? மருத்துவர் என்னிடம் எதையேனும் மறைத்தாரா?’ என்று அந்தச் சகோதரி கேட்டிருக்கிறார்.

நான் மருத்துவன் அல்லன். மதரஸாவில் பாடம் சொல்லிக் கொடுப்பவன். எனினும் இக்கேள்வி ஒரு வீட்டின் கேள்வி மட்டும் அன்று. ஆதலால் மருத்துவ உலகம் தெளிவாகக் கூறியிருப்பவற்றைத் தேடிப் படித்து இங்கே தொகுத்துத் தருகிறேன்.

ஒரு மருந்துக்கு ஒரே வேலைதானா?

முதலில் ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒரு மருந்து முதன்முதலில் எந்த நோய்க்குப் பயன்பட்டதோ அந்த நோயின் பெயர் அதன்மேல் ஒட்டிக்கொள்கிறது. உடலுக்குள் சென்ற மருந்தோ அந்தப் பெயரைப் பார்த்து வேலை செய்வதில்லை.

மனச்சோர்வு மருந்துகளின் வரலாறே இதற்குச் சான்று. 1952ஆம் ஆண்டில் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவிலிருந்த ‘சீ வியூ’ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் என்ற புதிய மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் வழக்கத்திற்கு மாறான உற்சாகம் பெற்றதை மருத்துவர்கள் கவனித்தனர். சில ஆண்டுகளில் அது மனச்சோர்வு மருந்தாகப் பயன்படத் தொடங்கியது. காசநோய்க்கு வந்த மருந்து மனத்தின் நோய்க்குப் போயிற்று.

இமிப்ரமின் என்ற மற்றொரு மருந்தின் கதை நம்முடைய பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. சுவிட்சர்லாந்தின் கெய்கி நிறுவனத்தார், ஒவ்வாமையைத் தணிக்கும் மருந்துகளைத் தேடியபோது உருவாக்கிய வேதிப்பொருள்களின் குடும்பத்திலிருந்து வந்தது அது. ரோலண்ட் கூன் என்ற மனநல மருத்துவர் அது மனச்சோர்வைப் போக்குவதைக் கண்டறிந்து 1957இல் வெளியிட்டார். அதன் பின்னர் வந்த அமிட்ரிப்டிலின், டாக்ஸிபின் ஆகியவை இமிப்ரமினுக்கு உறவினர்கள். அரிப்பைத் தணிக்கும் மருந்தைத் தேடிய பாதையில் கிடைத்த குடும்பம், பிற்காலத்தில் அரிப்புக்கே பயன்படுவதில் வியப்பு ஏது?

இன்னும் சில எடுத்துக்காட்டுகள். கல்லீரல் நோயால் பித்தநீர் தேங்கும்போது கடும் அரிப்பு உண்டாகும். அந்த அரிப்புக்கு ரிஃபாம்பிசின் கொடுப்பதுண்டு. அது காசநோய் மருந்து என்பது ஊரறிந்த செய்தி. அதை உண்பவருக்குக் காசநோய் என்று சொல்வோமா? அதே அரிப்புக்கு நால்ட்ரெக்ஸோன் என்ற மருந்தும் கொடுக்கப்படுகிறது. குடியையும் அபின் வகைப் பொருள்களையும் விட்டொழிக்க முயல்கின்றவர்களுக்கு உதவும் மருந்து அது. வாழ்நாளில் மதுவை முகர்ந்தும் பாராத ஒரு முதியவர் கல்லீரல் அரிப்புக்காக அம்மாத்திரையை உண்டால், அவரைக் குடிகாரர் என்று எவரேனும் சொல்லத் துணிவார்களா? அப்படியிருக்க, டாக்ஸிபின் உண்ணும் பெண்ணை மட்டும் மனநோயாளி என்பது எவ்விதத்தில் நியாயம்?

அரிப்பு பிறக்கும் இடம்

அரிப்பைத் தோலின் நோய் என்றே எண்ணிப் பழகிவிட்டோம். தோல் அதன் வாசல் மட்டுமே. தோலில் முடியும் நுண்ணிய நரம்பிழைகள் செய்தியை வாங்கித் தண்டுவடத்திற்கு அனுப்புகின்றன. அங்கிருந்து அது மூளைக்கு ஏறுகிறது. அரிப்பதாக நாம் உணர்வது மூளையில்தான். 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அரிப்புச் செய்தியை வாங்கும் ஏற்பி ஒன்றை எலிகளின் தண்டுவடத்தில் கண்டறிந்தனர். அது இல்லாத எலிகள் குறைவாகவே சொறிந்தன; வலியை மட்டும் வழக்கம் போலவே உணர்ந்தன. அரிப்பு என்பது சிறிய வலி என்ற பழைய எண்ணம் இதனால் தளர்ந்தது.

நரம்பு முனையைத் தூண்டும் பொருள்களுள் பலரும் அறிந்தது ஹிஸ்டமின். திடீரென்று தோல் தடித்துச் சிவந்து அரிக்கும் காணாக்கடிக்கு இதுவே முதற்காரணம். ஆதலால்தான் கடைகளில் கிடைக்கும் ஒவ்வாமை மாத்திரைகள் அங்கே நன்றாகக் கேட்கின்றன. ஆனால் சிறுநீரகம் பழுதுபட்டவர்களின் அரிப்பு, பித்தநீர்த் தேக்கத்தால் வரும் அரிப்பு, நரம்புக் கோளாற்றால் வரும் அரிப்பு ஆகியவற்றில் ஹிஸ்டமினின் பங்கு குறைவு. எத்தனை ஒவ்வாமை மாத்திரைகள் விழுங்கினாலும் அவை அடங்காமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

மனச்சோர்வு மருந்துகள் இங்கேதான் துணைக்கு வருகின்றன. டாக்ஸிபின் ஹிஸ்டமினைத் தடுப்பதில் சாதாரண ஒவ்வாமை மாத்திரைகளைக் காட்டிலும் மிகுந்த ஆற்றல் உடையது. அமிட்ரிப்டிலின் நரம்புகளின் மிகைத் துடிப்பைத் தணிக்கிறது. நீரிழிவு நோயாளிகளின் கால் எரிச்சலுக்கு அது நெடுநாளாகக் கொடுக்கப்பட்டு வருகிறது. செர்ட்ரலின், பராக்ஸிடின் போன்றவை செரட்டோனின் என்ற பொருளின் வழியே, அரிப்புச் செய்தியை மூளை வாங்கிக்கொள்ளும் முறையை மாற்றுகின்றன என்று கருதுகிறார்கள். இரவில் மிகும் அரிப்புக்கும் உறக்கமின்மைக்கும் மிர்டாசபின் சிலருக்கு உதவுகிறது.

அளவிலும் வேறுபாடு உண்டு. மனச்சோர்வுக்கு டாக்ஸிபின் பெரும்பாலும் நாளொன்றுக்கு 75 முதல் 150 மி.கி. வரை தேவைப்படும். அரிப்புக்கோ 10 அல்லது 25 மி.கி. அளவில் தொடங்குவார்கள். செர்ட்ரலின் போன்றவற்றில் இந்த வேறுபாடு அவ்வளவாக இராது. டாக்ஸிபினைப் பூச்சு மருந்தாகவும் அமெரிக்காவில் 1994இல் அனுமதித்தனர். கரப்பான் அரிப்புக்குச் சில நாள்கள் மட்டும் பூசும் களிம்பு அது. மனநோய் மருந்தைக் கையில் பூசிக்கொண்டதால் எவரும் மனநோயாளி ஆகிவிடவில்லை.

ஆய்வுகள் கூறுவது

ஈரானில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் 24 நோயாளிகளுக்கு டாக்ஸிபின் 10 மி.கி. நாளுக்கு இரு வேளை ஒரு வாரமும், வெற்று மாத்திரை ஒரு வாரமும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2007இல் வெளியாயிற்று. மருந்துண்ட வாரத்தில் 14 பேருக்கு அரிப்பு முற்றிலும் நீங்கியது. வெற்று மாத்திரையால் நீங்கியது 2 பேருக்கே. பாதிப் பேருக்கு மயக்கம் போன்ற தூக்கக் கலக்கம் இருந்து, ஓரிரு நாள்களில் தெளிந்தது. அதே 2007இல், கல்லீரல் நோய் அரிப்புக்குச் செர்ட்ரலின் நாளொன்றுக்கு 75 முதல் 100 மி.கி. வரை உதவுவதாக அமெரிக்க ஆய்வொன்று கூறியது. 2009இல் ஜெர்மனியில் பராக்ஸிடின் அல்லது ஃப்ளுவோக்ஸமின் பெற்ற 72 பேரில் 49 பேருக்கு ஓரளவேனும் பயன் கிடைத்தது.

இவை நம்பிக்கை தருகின்றன. எனினும் எண்ணிக்கையில் சிறிய ஆய்வுகள் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆகவேதான் இம்மருந்துகளை மருத்துவர்கள் முதற்படியில் எடுப்பதில்லை. பூச்சுகளும் வழக்கமான மாத்திரைகளும் பயனளிக்காதபோது அடுத்த படியாக எடுக்கிறார்கள்.

எல்லா அரிப்புக்கும் இதுவா?

இல்லவே இல்லை. காரணத்தைத் தேடாமல் அரிப்பை மட்டும் அடக்குவது, தீ எரிய விட்டுப் புகையை விரட்டுவது போலாகும்.

மாணவர்கள் கூடித் தங்கும் விடுதிகளில் நாங்கள் அடிக்கடி காண்பது சிரங்கு. விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு ஆகிய இடங்களில் சிறு கொப்புளங்கள்; இரவானால் அரிப்பு; ஒரு பிள்ளைக்கு வந்தால் பாயை அடுத்திருக்கும் பிள்ளைக்கும் வரும். கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி தோலைத் துளைத்துக் குடியிருப்பதால் வருவது இது. இதற்கு உரிய பூச்சு மருந்தை, அரிப்பு உள்ளவர் இல்லாதவர் என்று பாராமல், உடன் வசிக்கும் அனைவரும் ஒரே நாளில் பூசிக்கொள்ள வேண்டும். துணிகளையும் படுக்கை விரிப்புகளையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். வீட்டில் ஒருவருக்கு மேல் அரிப்பு இருந்தால் முதலில் இதனை எண்ணுங்கள். படர்தாமரைக்குக் கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகள் அரிப்பை ஒரு வாரம் மறைத்து, நோயைப் பரப்பிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தோலில் தடிப்போ புள்ளியோ இன்றி உடல் முழுதும் அரித்தால் உள்ளுறுப்புகளைச் சோதிக்க வேண்டும். சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, சர்க்கரை, இரும்புச் சத்து, இரத்த அணுக்கள் ஆகியவற்றைச் சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே அறியலாம். குளித்தெழுந்தவுடன் தோலில் எதுவும் தெரியாமல் கடுமையாக அரிப்பது, சிலரிடம் இரத்தச் சிவப்பணுக்கள் மிகுந்துவிட்டதன் அறிகுறியாக இருக்கும். கர்ப்பிணிகளுக்குப் பின்மாதங்களில் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. பித்தநீர்த் தேக்கமாக இருப்பின் வயிற்றிலுள்ள குழந்தைக்கு ஆபத்து உண்டு. முதியவர்களுக்கோ பெரும்பாலும் வறண்ட தோலே காரணம். சுடுநீரையும் காரமான சோப்பையும் குறைத்து, குளித்த ஈரம் காயுமுன் எண்ணெயோ களிம்போ தடவினால் பலருக்கு அதுவே போதும்.

கவனிக்க வேண்டியவை

மனச்சோர்வு மருந்துகள் விளையாட்டுப் பொருள்கள் அல்ல. டாக்ஸிபினும் அமிட்ரிப்டிலினும் தூக்கக் கலக்கம், வாய் உலர்தல், மலச்சிக்கல் ஆகியவற்றை உண்டாக்கும். கண்ணில் நீரழுத்த நோய் உடையவர்களும், சிறுநீர் தடைப்படும் முதியவர்களும், இதயத் துடிப்பில் கோளாறு உடையவர்களும் அதனை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இரவில் எழுந்து நடக்கும் பெரியவர்கள் தடுமாறி விழ நேரலாம். செர்ட்ரலின், பராக்ஸிடின் வகையினால் தொடக்கத்தில் குமட்டல் வரலாம். வலி மாத்திரைகளுடன் சேர்த்து உண்டால் இரத்தக்கசிவுக்கு வழி உண்டு. 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இம்மருந்துகளைத் தொடங்கும்போது மனநிலையில் மாற்றம் தெரிகிறதா என்று வீட்டார் கவனிக்க வேண்டும். கர்ப்பம் தரித்தவர்களும் பாலூட்டுவோரும் கேட்காமல் உண்ணக் கூடாது. எல்லாவற்றிற்கும் மேலாக, இம்மாத்திரைகளைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும். டாக்ஸிபின் வகை மாத்திரைகளைக் குழந்தை சிலவற்றை விழுங்கினாலும் உயிருக்கே ஆபத்தாகும்.

‘இது போதைப் பொருளா? பழக்கமாகிவிடுமா?’ என்று கேட்போர் உண்டு. மதுவையும் அபினையும் போல மேலும் மேலும் வேண்டும் என்ற வெறியை இவை எழுப்புவதில்லை. ஆனால் சில வாரங்கள் உண்டபின் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம், உறக்கமின்மை ஆகியவை வரலாம். பராக்ஸிடினில் இது மிகுதி. உடல் பழகிய ஒன்றைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்பதே இதன் பொருள். நோன்புக் காலத்தில் என்ன செய்வது என்று கலங்கவும் தேவையில்லை. இவற்றுள் பல, இரவில் ஒரு வேளை உண்ணும் மாத்திரைகளே. நேரத்தை எப்படி மாற்றிக்கொள்வது என்று ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். அதிகாலைத் தொழுகைக்கு எழ முடியாத அளவுக்குக் கலக்கம் இருந்தால் அதையும் அவரிடமே சொல்லுங்கள். மாத்திரை உண்ணும் நேரத்தை முன்னே தள்ளியோ அளவைக் குறைத்தோ கொடுப்பார்.

அந்தச் சகோதரிக்கு என் பதில் இதுதான்: மருத்துவர் உங்களிடம் நோயை மறைக்கவில்லை. ஆனால், ‘இது மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படும் மருந்து, உங்களுக்கு அரிப்புக்காகத் தருகிறேன்’ என்று இரண்டு சொற்றொடர்களில் அவர் சொல்லியிருந்தால் இவ்வளவு குழப்பம் நேர்ந்திராது. மீண்டும் அவரிடம் செல்லுங்கள். மாமியாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். நடந்ததைச் சொல்லி, மாத்திரையை எப்படித் தொடர்வது என்று அவர் வாயாலேயே கேளுங்கள். மீதமிருக்கும் மாத்திரைகளை நீங்களாகவே தொடங்க வேண்டாம். அரிப்பு உள்ள வேறு எவருக்கும் எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம்.

மாமியாரின் அச்சத்தை நான் ஏளனம் செய்யவில்லை. பெண்ணைப் பெற்ற வீடுகளில் ஊர்ப் பேச்சுக்கு எவ்வளவு அஞ்ச வேண்டியிருக்கிறது என்பது நாம் அறிந்ததே. ஆனால் அந்த அச்சத்தை உண்டாக்கியவர்களும் நாம்தானே? ஒருவேளை அந்த மாத்திரை மனச்சோர்வுக்காகவே கொடுக்கப்பட்டிருந்தால்தான் என்ன? ஆண்டுக்கணக்கில் உறங்காத ஒருவருக்கு மனம் சோர்வதும், மனம் சோர்ந்தவருக்கு அரிப்பு மிகுவதும் இயல்பு. கருவில் மேல்தோலும் மூளையும் ஒரே படலத்திலிருந்து உருவாகின்றன என்று உயிரியல் கூறுகிறது. ஈரலுக்கு மருந்துண்பவரை மதிக்கும் நாம், மனத்திற்கு மருந்துண்பவரை இழிவாகப் பேசுவோமானால், நாளை நம் வீட்டுப் பிள்ளை தன் துயரத்தை நம்மிடம் சொல்லாமலே மறைத்துக்கொள்ளும்.

ஆகவே, குடும்பத் தலைவர்களுக்கும் தலைவியர்க்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யாரேனும் 6 வாரங்களுக்கு மேல் அரிப்பால் வருந்தினால், எப்போது தொடங்கியது, எந்த நேரத்தில் மிகுகிறது, வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது, இப்போது என்னென்ன மாத்திரைகள் உண்கிறார் என்பவற்றை ஒரு தாளில் எழுதி, அவரைத் தகுதியுள்ள மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் எழுதித் தரும் ஒவ்வொரு மருந்துக்கும் காரணத்தை அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மருந்துக் கடையில் வேறு விதமாகச் சொன்னால், வீட்டுக்கு வந்து மாத்திரையை எறிவதற்கு முன் மருத்துவரிடம் ஒரு சொல் கேளுங்கள். அதுவரை, நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து சொறிந்துகொண்டிருக்கும் அந்த மனிதரிடம் ‘சொறியாதே’ என்று அதட்டாமல், ஈரத் துணி ஒன்றைக் கொண்டுவந்து அரிக்கும் இடத்தில் போட்டுவிடுங்கள். அந்தக் குளிர்ச்சியும் பக்கத்தில் ஒருவர் விழித்திருக்கும் ஆறுதலும் அந்த இரவைக் கடக்க அவருக்கு உதவும்.